செலவுச் செயலி மாற்றியும் கணக்கு உதைக்கிறதா?

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் பலரின் போன்களில் செலவுக் கணக்குச் செயலி ஒன்றாவது இருக்கும். மாசக் கடைசியில் அது காட்டும் மிச்சம் ஒன்று, வங்கியில் இருப்பது வேறொன்று. எரிச்சலில் இன்னொரு செயலியை இறக்கினால் அதுவும் உதைக்கும்.

காரணம் இதுதான். நம் ஊர்ச் செயலிகள் பலவும் வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்-ஐப் படித்தே கணக்கு எழுதுகின்றன. எஸ்.எம்.எஸ் வராத செலவு அவற்றுக்குத் தெரியாது. எச்.டி.எஃப்.சி வங்கி 2024 ஜூன் 25 முதல், 100 ரூபாய்க்கு மேற்பட்ட யுபிஐ செலவுக்கு மட்டுமே எஸ்.எம்.எஸ் அனுப்புகிறது. ஷிஃப்ட் முடிந்து குடிக்கும் 15 ரூபாய் டீயும், 40 ரூபாய் ஷேர் ஆட்டோவும் செயலியின் கண்ணில் படாது. நாளுக்கு 55 ரூபாய் விட்டுப்போனால் 26 வேலை நாளில் 1,430 ரூபாய்! இது போதாதென்று, உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணத்தையும் சில செயலிகள் செலவில் சேர்த்துவிடும்.

ஆகவே எஸ்.எம்.எஸ் படிக்கும் ஒன்றை விட்டு அதே வகையில் இன்னொன்றுக்குப் போவது வீண் வேலை. வங்கி ஸ்டேட்மென்ட்டை ஏற்றக்கூடியதாகப் பாருங்கள்; இல்லையென்றால் கையாலேயே பதியுங்கள். கணினி இருந்தால் குனூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் இலவசம். கணக்கு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

மாறுவதற்குச் சம்பள நாள்தான் தோது. முதலில் பழைய செயலியிலிருந்து எல்லாவற்றையும் சி.எஸ்.வி கோப்பாக இறக்கி வையுங்கள். ஏனென்றால், அமெரிக்காவில் பெயர்பெற்ற மின்ட் என்ற செலவுச் செயலியையே இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. இலவசச் செயலி எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பழைய வரவு செலவையெல்லாம் புதியதில் ஏற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் ஏறுவதற்கு முந்தைய வங்கி இருப்பை ஆரம்ப இருப்பாகப் போட்டுத் தொடங்கினால் போதும். ஒரு மாசம் கழித்து இருப்பு ஒத்துப்போனதும் பழையதை விட்டுவிடலாம்.

விடுவதிலும் ஒரு வேலை இருக்கிறது. செலவு எழுதப் பலர் வைத்திருந்த வால்நட் என்ற செயலியை 2018-ல் வாங்கியது கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம். உங்கள் சம்பளத் தேதியும் கைமுடை வரும் வாரமும் கடன் கொடுப்பவருக்கு எவ்வளவு பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், கணக்கு உதைப்பதைவிட, தகவல் இப்படிக் கைமாறக்கூடும் என்பதே செயலி மாற்றப் பெரிய காரணம். போனிலிருந்து தூக்கினால் மட்டும் போதாது. முதலில் செயலிக்குள் போய் உங்கள் கணக்கையும் தகவல்களையும் அழிக்கச் சொல்லுங்கள், எஸ்.எம்.எஸ் அனுமதியை ரத்து செய்யுங்கள், அப்புறம் தூக்குங்கள்.