சாக்ஸபோனும் சுருதியும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டின் கலியாணப் பந்தல்களிலே இக்காலத்தில் சாக்ஸபோனின் நாதமும் கேட்கிறது. நாகஸ்வரம் பிறந்த மண்ணில் அந்நிய வாத்தியம் எதற்கு என்று தேசாபிமானிகள் சிலர் வினவுகின்றனர். வாத்தியம் எங்கே பிறந்தது என்பது பற்றி நமக்குக் கவலையில்லை. பிடில் வாத்தியமும் கடல் கடந்து வந்ததுதான். எந்தச் சுருதிக்கு அது கட்டுப்படுகிறது என்பதே நமது கேள்வி.

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பார் 1846-இல் இக்கருவிக்கு உரிமை பெற்றார். ஐரோப்பிய இசைக்கேற்ப, ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்து அதன் சாவிகள் அமைந்துள்ளன. நமது தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதன்று, அசைவினாலேயே உருப்பெறுவது. அதனை எந்தச் சாவியும் தராது. வாய்முனையை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். கருவி செய்யும் உதவி இவ்வளவே. எஞ்சியதெல்லாம் உதட்டின் பிடியிலும், மூச்சின் நிதானத்திலும், தம்பூராவில் பழகிய செவியிலும் இருக்கிறது. ஆர்மோனியத்துக்கு இவ்வசதியும் இல்லை. அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கியதற்கு இக்குறையே முக்கிய காரணமாகக் கூறப்பட்டது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

சாக்ஸபோனை நமக்கு வசப்படுத்தியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). நாகஸ்வர வித்வானின் மைந்தரான அவர், கமகத்துக்கு இடங்கொடுக்கும்படி கருவியில் மாறுதல்கள் செய்துகொண்டார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக ஸங்கீதத்தை முழக்கினார். கருவிக்காக ராகத்தைக் குறைக்கவில்லை. ராகத்துக்காகக் கருவியைத் திருத்தினார். சுதேசியம் என்பது இதுவே.

இந்நெறி தஞ்சை நாட்டுக்குப் புதிதன்று. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரியார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களோடு கலந்து ஆராய்ந்து, நெடிய பாரி நாகஸ்வரத்தில் சுத்த மத்திமம் செவ்வனே ஒலிக்கச் செய்தார். அவ்வூர் நாகஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டயம் கிடைத்துவிட்டால் போதுமா? ஆச்சா மரத்தைக் கடைவோரும், கொறுக்கைத் தட்டையில் சீவாளி செய்வோரும், அதனை ஊதுவோரும் வயிறார உண்ணவேண்டாமா?

ஆதலின், சாக்ஸபோன் பயிலும் இளைஞர்கள் முதலில் வாய்ப்பாட்டிலும் நாகஸ்வர வித்வான்களிடத்திலும் சுருதி ஞானம் பெறுவார்களாக. கலியாணம் செய்விப்போரும் பித்தளையின் பளபளப்பில் மயங்காமல், சுருதியைக் கேட்டுச் சன்மானம் அளிப்பார்களாக. புதிய வாத்தியம் வரட்டும். மங்கள வாத்தியக்காரர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அது வரவேண்டியதில்லை.