லினக்சில் வன்பொருள் அமைப்புகளை நிலைநிறுத்தல்

வன்பொருள் அமைப்புகளை நிலைநிறுத்தல் என்பது, வன்பொருளுக்குப் பயனர் தந்த விருப்ப அமைப்புகள் கணினியை மீளத் தொடங்கிய பிறகும் மாறாமல் இருக்கச் செய்வதாகும். திரையின் ஒளிர்வு, ஒலி அளவு, மின்கலத்தின் மின்னேற்ற வரம்பு ஆகியவை இத்தகைய அமைப்புகளுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

அமைப்புகள் இழக்கப்படுவதன் காரணம்

லினக்சு இயக்குதளத்தில் வன்பொருள் அமைப்புகள் பெரும்பாலும் சிஸ்எஃப்எஸ் எனும் கோப்பு முறைமை வழியாக அணுகப்படுகின்றன. 2003 டிசம்பரில் வெளியான கருனியின் 2.6 பதிப்பில் இது இடம்பெற்றது. இதில் உள்ளவை கோப்புகளைப் போலத் தோன்றினாலும் வட்டில் சேமிக்கப்பட்டவை அல்ல. ஒன்றைப் படித்தால் கருனி அந்நேரத்து மதிப்பைத் தருகிறது. அதில் எழுதினால் அம்மதிப்பு நேரடியாக இயக்கி நிரலைச் சென்றடைகிறது.

எடுத்துக்காட்டாக, மின்கலத்தின் ஆயுளைக் கூட்ட மின்னேற்றம் 80 விழுக்காட்டில் நிற்குமாறு அமைக்கலாம். பல மடிக்கணினிகளில் மீளத் தொடங்கியதும் இவ்வரம்பு 100க்குத் திரும்பிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால், பயனர் இதை அறியாமலே மாதக்கணக்கில் மின்கலத்தை முழுமையாக மின்னேற்றிக்கொண்டிருக்கக்கூடும். சில மடிக்கணினிகளில் மட்டும் நிலைப்பொருளே வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே லினக்சில் நிலைநிறுத்தல் என்பது, பெரும்பாலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே மதிப்பை மீண்டும் எழுதுவதே ஆகும்.

வழிமுறைகள்

முதலாவது, கடைசி நிலையைச் சேமித்து மீட்பது. சிஸ்டம்டி எனும் தொடக்க மேலாண்மை மென்பொருள், கணினியை அணைக்கும்போது திரை ஒளிர்வைக் கோப்பில் பதிந்து, அடுத்த தொடக்கத்தில் மீட்கிறது. திரை முற்றிலும் இருண்டுவிடாதிருக்க, மீட்கும் ஒளிர்வு பொதுவாக உச்ச அளவின் 5 விழுக்காட்டிற்குக் கீழே போகாதபடி அது பார்த்துக்கொள்கிறது. ஒலி அமைப்புகளுக்கு இதே பணியை அல்சா தொகுப்பின் கருவி செய்கிறது.

இரண்டாவது, விதி எழுதுவது. யூடெவ் எனும் சேவை, ஒரு கருவியைக் கருனி கண்டறிந்தவுடன் விதிக் கோப்புகளைப் பார்த்து, பொருந்தும் விதியில் உள்ள மதிப்பை அக்கருவிக்கு எழுதுகிறது. மின்னேற்ற வரம்பு போன்ற நிலையான மதிப்புகளுக்கு இம்முறை ஏற்றதாகும்.

நேரமும் பெயரும்

தொடக்கத்தின் ஆரம்பக் கட்டத்தில் ஒருமுறை மட்டும் இயங்கும் கட்டளை எப்போதும் பயன் தராது. அந்நேரத்தில் கருவியின் இயக்கி ஏற்றப்படாமல் இருந்தால், மதிப்பை எழுத இடமே இராது. யூடெவ் விதி கருவி தோன்றும் தருணத்திலேயே செயற்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை. யூ.எஸ்.பி. கருவியைக் கழற்றி மீண்டும் செருகினாலும் விதி திரும்பச் செயற்படும்.

கருவிகளுக்குக் கருனி தரும் வரிசை எண்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும். இரண்டு வட்டுகளில் முதலாவது அடுத்த முறை இரண்டாவதாகலாம். எனவே விதியில் வரிசை எண்ணுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் எண், தொடர் எண் போன்ற மாறாத அடையாளங்களைக் குறிப்பிடுவது பாதுகாப்பானது.

முன்னெச்சரிக்கை

புதிய மதிப்பை முதலில் தற்காலிகமாக எழுதிச் சோதிக்க வேண்டும். சிக்கல் எழுந்தால் பெரும்பாலும் மீளத் தொடங்குவதே அதை நீக்கிவிடும். தவறான மதிப்பை விதியாக எழுதிவிட்டால், அத்தவறு ஒவ்வொரு தொடக்கத்திலும் திரும்ப வரும். விதியை எழுதிய பின் கணினியை மீளத் தொடங்கி, மதிப்பைப் படித்துச் சரிபார்த்தால்தான் அது நிலைபெற்றது உறுதியாகும்.