யாரிடம் கேட்பார் டாக்டர்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். 1986-இல் கனடாவில் மகப்பேறு தொடர்பான நிபுணர்கள் கூடி ஒரு வழிகாட்டு நெறி வகுத்தார்கள். முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தாலும், தகுதியுள்ள பெண்களுக்கு அடுத்ததைச் சுகப்பிரசவமாக்க முயலலாம் என்பது அதில் முக்கியமானது. அந்நாட்டின் ஒன்டாரியோ மாகாண டாக்டர்களை விசாரித்தபோது பெரும்பாலோருக்கு அது தெரிந்திருந்தது, உடன்பாடும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் முறையையே மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆனால் பிரசவக் கணக்கைப் பார்த்தால் பெரிய மாற்றம் ஏதுமில்லை. ஜொனாதன் லோமாஸ் என்ற ஆய்வாளரின் குழு இதை 1989-இல் வெளியிட்டது.

அந்த டாக்டர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பழைய சிசேரியன் தழும்போடு ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்து வருகிறாள். தழும்பு விட்டுப்போவது அபூர்வம்; விட்டால் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து, பதில் சொல்ல வேண்டியவர் அந்த டாக்டர். எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எதைக் கண்டால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்த ஒருவரிடம்தான் கேட்கத் தோன்றும். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் நடக்கும்.

அதே குழு 16 மருத்துவமனைகளில் 76 டாக்டர்களை வைத்து இதைச் சோதித்தது. சில இடங்களில் டாக்டர்களின் பதிவுகளைத் தணிக்கை செய்து அவர்களுக்கே எடுத்துக்காட்டினார்கள். வேறு சிலவற்றில், யார் பேச்சை மதிப்பீர்கள் என்று டாக்டர்களிடமே கேட்டு, அவர்கள் கைகாட்டிய சக டாக்டருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் மூலமாகவே விஷயத்தைக் கொண்டுபோனார்கள். முடிவு 1991-இல் வந்தது. இரண்டு வருஷம் கழித்தும் தணிக்கையால் பலனில்லை. சக டாக்டர் மூலமாகப் போன இடங்களில் சிசேரியனுக்குப் பிந்தைய சுகப்பிரசவம் மற்ற இடங்களைவிட 85 சதவீதம் அதிகம்.

இதே வாய்வழிதான் தவறையும் சுமக்கிறது. ஒருமுறை சிசேரியன் செய்தால் பிறகு எப்போதும் அதுதான் என்ற விதியை நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின் 1916-இல் எழுதினார். முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கவே அந்தப் பேச்சை எடுத்தார். விலக்குகள் உண்டு என்றும் சொன்னார். அன்றைக்குக் கர்ப்பப்பையை மேலே நெடுக்காக வெட்டினார்கள், விட்டுப்போகும் பயம் நியாயமானது. கீழே குறுக்காக வெட்டும் முறை வந்து ஆபத்து குறைந்த பிறகும், சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அந்த விதி மட்டும் பல பத்தாண்டுகள் கைமாறியது. எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இது டாக்டர்களோடு நிற்பதில்லை. பிற்பாடு கனடாவின் ஒரு பொதுச் சுகாதாரத் துறையில், வேலையில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்று ஊழியர்களை விசாரித்து வரைபடமே போட்டார்கள். பெரும்பாலும் தங்கள் பிரிவுக்குள்ளேயே கேட்டார்கள். கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமே போய்ச் சேர்ந்தன. பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது அன்றைக்கு வேலை குறைவாக இருப்பவரை அனுப்புவது பல அலுவலகங்களில் வழக்கம். அனுப்ப வேண்டியவர்கள், எல்லாரும் தேடி வந்து கேட்பதாலேயே ஓய்வில்லாமல் இருக்கும் அந்தச் சிலர்தான்.