மிச்சம் தின்றே பெருத்தேன்!

எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு அண்ணன் வீட்டுச் சீருக்குக் கிளம்பும்போது, ஆசையாகத் தைத்த ஜாக்கெட்டின் கொக்கி மாட்டவே இல்லை. "தையல்காரம்மா அளவு தப்பா எடுத்துட்டாங்க" என்று அவர் மேல் பழி போட்டேன். அடுத்த வாரம் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எடை 72 கிலோ! வெறும் வயிற்றில் சர்க்கரை 112. "இன்னும் நோய் வரலைங்க, ஆனா வாசல்ல வந்து நிக்குது" என்றார். சர்க்கரையால் கால் விரலை இழந்தவர் என் அம்மா. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பயத்தில் முட்டாள்தனம் செய்தேன். காலையும் இரவும் பட்டினி, வெறும் கொள்ளுத் தண்ணீர்தான். ஒன்பதாம் நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தேன். டாக்டர் திட்டிவிட்டு, "ஒரு வாரம் வாயில போடறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதிப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று வேளைச் சாப்பாடு ஒன்றும் அதிகமில்லை. பையன் தட்டில் விட்ட அரை தோசை, மகள் டிபன் பாக்ஸில் மிஞ்சிய அரிசிம்பருப்பு சாதம், ராத்திரி சட்டியில் கிடக்கும் சோறு... வீணாகிவிடுமே என்று எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது! போதாததற்கு நாலு காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளுக்குச் சுமார் 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதல் வேலையாக உலையில் போடும் அரிசியைக் குறைத்தேன். மிஞ்சினால்தானே தின்பேன்? பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கிறேன். என் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது பயறு. காபி இரண்டாகி, சர்க்கரை அரை ஸ்பூன் ஆனது. ஐந்து பேருக்கு மாதம் 5 லிட்டர் வாங்கிய எண்ணெய் இப்போது 3 லிட்டர்தான்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் மருந்து இல்லையாம். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது. அதனால் வாரம் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடைகிறேன். ராகிக் களியும் நல்லதுதான், ஆனால் அளவு மீறினால் களியும் எடை போடும்.

அடுத்தது நடை. "வீட்டு வேலை செய்யறது பத்தாதா, ரோட்டுல வேற நடக்கோணுமா?" என்றார் அத்தை. அம்மியும் ஆட்டுரலும் இருந்த காலத்தில் பத்தியிருக்கும். மாவாட்டும் கிரைண்டருக்குப் பேர் போன கோயமுத்தூர்க்காரிகள் நாம், கை அசையாமலே மாவு ஆடிவிடுகிறதே! வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டுமாம். தினம் அரை மணி, ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். சேலையும் கேன்வாஸ் ஷூவுமாகத் தெருவில் இறங்க முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துகொள்ள, கூச்சம் போனது. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் மட்டும் நடை மாலைக்கு மாறும்.

முதல் மாதம் குறைந்தது ஒரே கிலோ. மூன்றாம் மாதம் முள் நகரவே இல்லை, அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. பதினோரு மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். சர்க்கரை 96. மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகுவதில்லை. என் உயரம் 154 செ.மீ. அதற்கு 59 கிலோவுக்குள் வர வேண்டுமாம். இன்னும் நாலு கிலோ பாக்கி. இடுப்புச் சுற்றளவும் 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் தையல் டேப் இருந்தால் இன்றே அளந்து பாருங்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். 2015-16ல் இது 31தான். ஆக, இது என் ஒருத்தி கதை இல்லை, சகோதரிகளே. ஏற்கனவே சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இப்போது தட்டில் ஏதாவது மிஞ்சினால் அத்தையே முந்திக்கொள்கிறார்: "அம்மிணி, நீ திங்காத. கழுநீர்ல போடு, பால்காரர் மாட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு."

வீணாகக் கூடாதது சோறு மட்டும்தானா? நம்ம உடம்பும்தானுங்களே!

- ஒரு வாசகி, சிங்காநல்லூர், கோவை.