வீட்டு வலை வழங்கி

வீட்டு வலை வழங்கி என்பது, ஒருவர் தமது இணையத்தளத்தைப் பிற நிறுவனங்களின் கணினிகளில் வைக்காமல், தமது இல்லத்தில் உள்ள கணினியிலேயே வைத்து, இல்லத்தின் இணைய இணைப்பு வழியாகவே உலகிற்கு வழங்கும் அமைப்பு ஆகும். வழங்கி என்னும் சொல் ஒரு பொருளைக் காட்டிலும் ஒரு பணியையே குறிக்கும். உலாவி அனுப்பும் வேண்டுகோளைப் பெற்று, உரிய பக்கத்தைத் திருப்பி அனுப்பும் மென்பொருள் இயங்குகின்ற எந்தக் கணினியும் வலை வழங்கியே. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகியன இதற்குரிய கட்டற்ற மென்பொருள்களுள் பரவலாக அறியப்பட்டவை. பழைய மடிக்கணினியோ, ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியோ இப்பணிக்குப் போதுமானது. கணினியை ஆயத்தம் செய்வது இதில் எளிய பகுதி. வெளியுலகிலிருந்து வருபவர் அதனை வந்தடையச் செய்வதே கடினமான பகுதி.

வரலாறு

உலகின் முதல் வலை வழங்கியும் ஒரு மேசைக் கணினியே ஆகும். டிம் பேர்னர்ஸ்-லீ 1990 ஆம் ஆண்டின் இறுதியில் செர்ன் ஆய்வுகூடத்தில் தமது நெக்ஸ்ட் கணினியில் இதனை இயக்கினார். இது ஒரு வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தலாகாது என்னும் பொருள்பட, சிவப்பு மையில் எழுதிய தாள் ஒன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது.

பின்னர் 1994 இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற சேவைகள் இலவசமாக இடம் அளித்ததால், தனிநபர்கள் பலர் தமது பக்கங்களை அங்கேயே அமைத்தனர். 1999 இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை வாங்கியது. 2009 அக்டோபரில் ஜப்பானியப் பிரிவு நீங்கலாக அச்சேவை மூடப்பட்டது. ஜப்பானியப் பிரிவும் 2019 இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் படியெடுத்துக் காத்தவை போக, எஞ்சிய பக்கங்கள் மறைந்தன. தமது எழுத்து தமது கையிலேயே இருக்கவேண்டும் என்று கருதுவோர் வீட்டு வழங்கியை நாடுவதற்கு இத்தகைய நிகழ்வுகளே முதன்மையான காரணம்.

முகவரிச் சிக்கல்

இணையத்தில் ஒவ்வொரு கணினியும் ஐபி முகவரியால் அறியப்படுகிறது. ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது. எனவே ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமைய முடியும். உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோனது. இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கவே, ஒரு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை வழக்கில் உள்ளது. வீட்டினுள் 192.168 என்று தொடங்குவன போன்ற தனியார் முகவரிகள் பயன்படுகின்றன. இரண்டிற்கும் இடையே ரவுட்டர் எனப்படும் திசைவி நின்று முகவரிகளை மாற்றித் தருகிறது.

திசைவியை அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளிக்கு ஒப்பிடலாம். உள்ளிருந்து ஒருவர் கடிதம் அனுப்பினால், எந்த வீட்டிலிருந்து சென்றது என்று அவர் குறித்துக்கொள்கிறார். மறுமொழி வந்ததும் சரியாகச் சேர்த்துவிடுகிறார். ஆனால் முன்னறிவிப்பின்றி வரும் விருந்தாளி யாரைக் காண வந்தவர் என்று அவருக்குத் தெரியாததால், திருப்பி அனுப்பிவிடுகிறார். இணையத்தளத்தைப் பார்க்க வருபவர் அத்தகைய விருந்தாளியே. ஆகவே, 80, 443 ஆகிய போர்ட் எண்களைத் தேடி வரும் வேண்டுகோள்களை இன்ன கணினிக்கு அனுப்புக என்று திசைவியில் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். இது போர்ட் முன்னனுப்பல் எனப்படும். வழங்கிக் கணினியின் உள்முகவரி மாறாதவாறு திசைவியில் நிலைநிறுத்துவதும் அவசியம். இல்லையேல் மின்வெட்டுக்குப் பின் முகவரி மாறி, விருந்தாளி வேறொரு கருவியின் கதவைத் தட்டக்கூடும்.

பல சேவை வழங்குநர்கள் இதே மாற்றத்தைத் தமது வலையமைப்பிலும் ஒருமுறை செய்கின்றனர். அப்போது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. குடியிருப்பின் வெளிவாசலில் இன்னொரு காவலாளி நிற்பது போன்றது இது. அவர் வீட்டுக்காரரின் சொல்லைக் கேட்பவர் அல்லர். இந்நிலையில் போர்ட் முன்னனுப்பலை எவ்வளவு சரியாக அமைத்தாலும் பயனில்லை. பலர் தமது அமைப்பில் பிழை தேடிப் பொழுதை வீணாக்குவது இங்கேதான். கண்டறியும் வழி எளிது: திசைவி காட்டும் வெளிமுகவரியும், முகவரியைக் காட்டும் வெளித்தளம் ஒன்றில் தெரியும் முகவரியும் வேறுபட்டால், இடையில் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இதற்கென 2012 இல் ஒதுக்கப்பட்டவை.

கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி பெறுவது இதற்கு ஒரு தீர்வு. ஐபி ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட் நீளமுடையதாதலால், அங்கு ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும். எனினும் திசைவியின் தீச்சுவரில் வழி திறக்க வேண்டும், பார்ப்பவரின் இணைப்பிலும் அப்பதிப்பு இருத்தல் வேண்டும். வாடகைக் கணினி ஒன்றின் வழியே சுரங்கப்பாதை அமைப்பதும் உண்டு. அதில் பிறர் கணினியைச் சார்ந்திருக்கும் நிலை ஓரளவு திரும்பி வருகிறது.

பொது முகவரி அவ்வப்போது மாறுமாயின், ஆள்களப் பெயரை அதனுடன் இணைத்து வைக்க இயங்குநிலைப் பெயர்ச் சேவை பயன்படும். வீட்டிலுள்ள சிறு நிரல் ஒன்று புதிய முகவரியை உடனுக்குடன் அச்சேவைக்குத் தெரிவிக்கும்.

பாதுகாப்பு

2001 சூலையில் கோட் ரெட் என்னும் கணினிப் புழு, மைக்ரோசாப்டின் வலை வழங்கி மென்பொருளில் இருந்த குறையைப் பயன்படுத்தி, 14 மணி நேரத்திற்குள் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றியது. அவற்றுள் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்தவை ஏராளம்; தமது கணினியில் வழங்கி இயங்குவதையே அறியாதவர்களும் இருந்தனர். திறந்த போர்ட்டுகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இன்றும் ஓயாது உலவுகின்றன. புதிதாகத் திறந்த வழங்கியின் பதிவேட்டில், நண்பர்களின் வருகைக்கு முன்னரே இவற்றின் தட்டல்கள் காணப்படுவது வழக்கம்.

எனவே தேவையான இரு போர்ட்டுகளைத் தவிர வேறெதனையும் திறக்கலாகாது. திசைவியின் மேலாண்மைப் பக்கத்தை வெளியே காட்டுதல் மிகத் தீங்கானது. குடும்பத்தினரின் கணினிகள் உள்ள வலையமைப்பிலிருந்து வழங்கியைப் பிரித்து வைப்பது நல்லது. வழங்கி கைப்பற்றப்பட்டால் அடுத்து ஆபத்துக்குள்ளாவன அவையே. மறையீட்டுச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்கி வருகிறது.

வேகமும் மின்சாரமும்

வழங்கிக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். தொலைபேசிக் கம்பிவழி வந்த தொடக்ககால ஏடிஎஸ்எல் இணைப்புகளில் பதிவிறக்கம் 8 மெகாபிட் வரை இருந்தபோதும், பதிவேற்றம் 1 மெகாபிட் அளவிலேயே இருந்தது. 1 மெகாபைட்டு நிழற்படம் ஒன்றை அவ்வேகத்தில் அனுப்ப 8 வினாடிகள் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 80 வினாடிகள். ஒளியிழை இணைப்புகளில் இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. எழுத்து மட்டுமே உள்ள பக்கங்களுக்குப் பழைய வேகமும் தாராளம்.

100 வாட்டு மேசைக் கணினி ஆண்டு முழுவதும் இயங்கினால் 876 அலகு மின்சாரம் செலவாகும். 10 வாட்டுச் சிறு கணினிக்கு ஏறத்தாழ 88 அலகு. மின்வெட்டின்போது தளம் நிற்காதிருக்க, கணினியுடன் திசைவியையும் ஒளியிழை முனையக் கருவியையும் மின்கலக் காப்பில் இணைக்க வேண்டும்.