கண்ணைக் கட்டி ஒரு கியூப்

மண்டபத்தில் யாரும் பேசுவதில்லை. போட்டியாளர் கலைந்த ரூபிக் கியூபைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கண்கட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திருகத் தொடங்குகிறார். மனப்பாடம் செய்யும் நேரமும் கணக்கில் சேரும். ஒரு சிறு சத்தமும் நினைவைக் கலைத்துவிடும் என்பதால் பார்வையாளர்களும் அமைதி காக்கிறார்கள்.

1974இல் ஹங்கேரியின் எர்னோ ரூபிக் உருவாக்கிய இந்தக் கியூபை எத்தனை விதமாகக் கலைக்கலாம்? 43க்குப் பின்னால் 18 பூச்சியங்கள் போட்டால் கிடைக்கும் எண்ணுக்கும் சற்று அதிகம்! கலைந்த நிலையை நினைவில் நிறுத்த ஒரு வழி உண்டு. மூலை, விளிம்புத் துண்டுகளின் ஒவ்வொரு நிறக்கட்டத்துக்கும் ஓர் எழுத்து. இரண்டிரண்டு எழுத்துக்கு ஒரு சொல். சொற்களைக் கோத்தால் கதை. 'ம', 'ல' வந்தால் மல்லிகை.

பல கியூப்களை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரிவும் உண்டு. 2018இல் இந்தியாவின் சிவம் பன்சல் 48 கியூப்களையும் 59 நிமிடம் 48 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். 2022இல் அமெரிக்காவின் கிரஹாம் சிகின்ஸ் 65இல் 62ஐச் சரியாக முடித்தார்.

இதற்கு மைதானமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஹட்டன், நுவரெலியா தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, வகுப்பறையில் ஒரு கியூபை வைத்துப் பாருங்கள்; நம் பிள்ளைகளாலும் முடியும்.