செல்பேசிக்குள் வீசும் கச்சான்

ஜூன் மாதம், அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். செல்பேசியின் பிரவுசரில் ‘எர்த் நல்ஸ்கூல்’ தளத்தைத் திறந்தால், கறுப்புப் பின்னணியில் ஓர் உருண்டை வரும். விரலால் உருட்டித் தீவுகளுக்கு வந்து தொட்டால், அங்கே ஒரு பச்சை வட்டம் விழும். காற்று எத்தனை பாகையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ஓரத்தில் எண்கள் தெரியும். அரபிக் கடலில் புறப்பட்டு, தென்னிந்தியாவைக் கடந்து, வங்காள விரிகுடாவில் ஏறித் தீவுகளை உரசிக்கொண்டு மியான்மர் பக்கம் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள்! பள்ளிப் புத்தகத்தில் இரண்டு அம்புக்குறிகளாகப் பார்த்த பருவக்காற்று இதுதான்.

இதை உருவாக்கியவர் கேமரன் பெக்காரியோ என்ற மென்பொறியாளர். அமெரிக்காவுக்கு மட்டுமான காற்று வரைபடம் ஒன்றை பெர்னாண்டா வியேகாஸும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் 2012-ல் செய்திருந்தார்கள். அதைப் பார்த்த உந்துதலில், 2013 டிசம்பரில் உலகம் முழுவதற்குமாக அவர் இதை வெளியிட்டார்.

திரையில் ஓடுவதைப் பலரும் வீடியோ என்றே நினைக்கிறார்கள். வீடியோ இல்லை. அமெரிக்க வானிலை அமைப்பின் கணினி நாளுக்கு நான்கு முறை உலகக் காற்றைக் கணிக்கிறது. பெக்காரியோ திறந்த மூலநிரலாக வெளியிட்ட பதிப்பில், பாகைக்கு ஒரு புள்ளியாக நெடுக்கில் 360 வரிசை, குறுக்கில் 181 வரிசை, ஆக 65,160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே எண்கள்: கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு. கடல் கடந்து வருவது இந்த எண்கள் மட்டுமே. செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிட இது சிறிய சுமை. படத்தை வரையும் வேலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும் கருவியுடையது.

தீவுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும்வரை, அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. வீடியோ திக்கித் திணறும் இடத்திலும் எண்கள் வந்து சேர்ந்துவிடும்.

வரையும் விதம் புள்ளி வைத்துக் கோலம் போடுவது மாதிரிதான். ‘கேன்வாஸ்’ என்பது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வரைபலகை. ஒரு காலத்தில் இதற்கு பிளாஷ் என்ற தனி இணைப்பு தேவைப்பட்டது. 2020 இறுதியோடு அதன் ஆதரவு நின்றுபோனது. இப்போது ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரைபலகை எங்கும் துகள்களைத் தூவுகிறது. ஒவ்வொரு துகளும் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் எண்களைப் பார்த்து, தன் இடத்துக் காற்றைக் கணக்கிட்டு, விநாடிக்கு 25 முறை ஓர் அடி நகர்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பழைய தடம் சற்றே மங்குகிறது. வால் முளைத்தது போலத் தெரிவது அதனால்தான். 100 அடி, அதாவது நான்கு விநாடி நடந்ததும் துகள் மறைந்து வேறெங்கோ புதிதாகப் பிறக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் எல்லாத் துகள்களும் காற்று கூடும் இடங்களில் போய்க் குவிந்து, மற்ற கடல் வெறிச்சோடிவிடும். பார்ப்பவர் கையில் செல்பேசி என்றால் துகள்களை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்கிறது அந்த நிரல். எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம் அது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். தளத்தின் பட்டியலில் உயரத்தைத் தரைமட்டத்திலிருந்து 250 ஹெக்டோபாஸ்கலுக்கு, அதாவது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு மாற்றுங்கள். பருவமழைக் காலமாக இருந்தால், தீவுகளின் மேல் தென்மேற்கிலிருந்து வந்த காற்று சட்டென்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும். கீழே ஒரு காற்று, தலைக்கு மேலே எதிர்க்காற்று. உயரத்தில் ஓடும் இந்த வெப்பமண்டலக் கிழக்குப் பெருங்காற்றை 1958-ல் ஆய்வுக் கட்டுரையாக விளக்கியவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். அங்கங்கே பறக்கவிட்ட பலூன்களின் அளவீடுகளைக் கோத்து அவர் கண்டதை, இன்று பள்ளிப் பிள்ளை ஒரு தொடுதலில் பார்த்துவிடலாம்.

ஆனால், இதைப் பார்த்துவிட்டுப் படகை இறக்கக் கூடாது. திரையில் ஓடுவது கணிப்பு, அளந்த காற்று அல்ல. திறந்த மூலநிரல் பதிப்பில் நான்கு புள்ளிகள் சேர்ந்த ஒரு கட்டத்தின் பக்கம் அந்தமானின் அட்சரேகையில் சுமார் 109 கி.மீ.; தென் அந்தமானின் அகலம் அதில் பாதிகூட வராது. தீவே கட்டத்தின் இடுக்கில் விழுந்துவிடும்போது, குன்று மறைக்கும் காற்றையும் கால்வாயில் சீறும் காற்றையும் படம் எப்படிக் காட்டும்? 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலான தாழ்வு மண்டலத்தால் கப்பல்கள் நின்று, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அத்தகைய நாளில் கேட்க வேண்டியது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை. ஏன் அந்த எச்சரிக்கை என்பதைப் புரியவைக்கும் வேலையை இந்தப் படம் செய்யும்.

அந்தப் பதிப்பின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது; அதில் நம் காற்றுப் பெயர்களையும் சேர்க்கலாம். நம் கடற்கரையில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நிரல் தெரிந்த ஒரு தீவுப் பிள்ளை உட்கார்ந்தால், பச்சை வட்டத்தின் ஓரத்தில் 270 பாகை என்று வரும் இடத்தில் ‘கச்சான்’ என்று வரவைக்க ஒரு மாலை போதும்.